ஃப்ளூ காய்ச்சலுக்கு அப்புறம் அப்பாவால மல்லாக்கப் படுக்க முடியல, டயாஃப்ரம் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற மூச்சுத்தசை) ஒரு பக்கம் மேல ஏறியிருக்குன்னு எக்ஸ்ரேல வந்திருக்கு, யாருக்காவது இந்த அனுபவம் இருக்கா?

மஞ்சக்காட்டுப்பொண்ணு (ஈரோடு)

வணக்கம்ங்க எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க, வேற எங்க கேக்கறதுன்னு தெரியல.

அப்பாவுக்கு 56 வயசுங்க. மஞ்சள் மண்டில கணக்கு எழுதறாரு. சுகர் இருக்குது, மாத்திரைல கட்டுக்குள்ள இருக்கு. பீடி சிகரெட் எதுவும் இல்லீங்க. போன ஐப்பசில எங்க வீட்டுல எல்லாத்துக்கும் வரிசையா காய்ச்சல் வந்துச்சு, அப்பாவுக்குத்தான் ரொம்ப அடிச்சுப் போட்டுருச்சு, டெஸ்ட் எடுத்ததுல இன்ஃப்ளூயன்ஸா ஏ பாசிட்டிவ். அஞ்சு நாள் மாத்திரை, காய்ச்சல் விட்டுருச்சு, இருமலும் குறைஞ்சுது, மண்டிக்கும் போக ஆரம்பிச்சுட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு பத்து நாள் இருக்கும்ங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு வலது தோள்பட்டைய புடிச்சுட்டு பல்லைக் கடிச்சுட்டு இருந்தாரு. எங்கப்பா வலின்னு வாயைத் தொறக்கற ஆளே இல்லீங்க, கால்ல ஆணி ஏறுனப்பக்கூட சத்தம் போடல, அன்னைக்கு கண்ணுல தண்ணி நிக்குது. கழுத்துல ஆரம்பிச்சு தோள்பட்டை மேல்கை வரைக்கும் உள்ளுக்குள்ள குடையற மாதிரி இருக்குதுன்னாரு. சுகர்காரங்களுக்கு தோள் இறுகிக்கும்னு சொல்லி கரண்ட் வெச்சாங்க, தைலம் குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல வலி தானா குறைஞ்சுருச்சு.

வலி போச்சேன்னு சந்தோசப்படறதுக்குள்ள மூச்சு பிரச்சனை ஆரம்பிச்சுருச்சுங்க. நடக்கறப்பகூட அவ்வளவு இல்ல, மல்லாக்கப் படுத்தா ரெண்டே நிமிஷம், யாரோ வயித்து மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்குதுன்னு எந்திரிச்சுக்கறாரு. குனிஞ்சு செருப்பு வாரை மாட்ட முடியல. எங்க வீட்டுல இந்தியன் டாய்லெட்தான், அதுல குத்தவெச்சு உக்காந்துட்டு வந்தாருன்னா பத்து நிமிஷம் பேச முடியாம மூச்சு வாங்கறாரு. வயிறு நெறைய சாப்பிட்டாலும் அப்படித்தான். ஒன்றரை மாசமா ஈஸி சேர்லதான் தூங்கறாரு.

பயந்துட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஈசிஜி, எக்கோ, ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். விரல்ல மாட்டற மெஷின்ல 97. அதைக் காமிச்சு, ஆக்ஸிஜன் இவ்வளவு நல்லா இருக்குது, உங்கப்பாவுக்கு மனசுலதான் பயம், காய்ச்சல் வந்து போனவங்களுக்கு இப்படி படபடப்பு வரும்னு சொல்லி தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அதைப் போட்ட மறுநாள் காலைல தலை வெடிக்கற மாதிரி வலின்னு உக்காந்திருந்தாரு, நாங்களே நிறுத்திட்டோம்ங்க.

எக்ஸ்ரே ரிப்போர்ட்ல வலது பக்க டயாஃப்ரம் மேல ஏறியிருக்குன்னு ஒரே ஒரு வரி இருக்குது. கேட்டதுக்கு, அந்தப் பக்கம் கல்லீரல் இருக்கு, அதனால கொஞ்சம் மேலதான் இருக்கும்னுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. காய்ச்சலுக்கும் தோள்பட்டை வலிக்கும் இந்த மூச்சுக்கும் சம்பந்தம் இருக்குமா? இருந்தா சரியாகுமா, ஆபரேஷன் வரைக்கும் போகுமா? சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க, அம்மா சாமி கும்பிட்டு அழுதுட்டே இருக்குது. யாராவது சொல்லுங்க.

---

தேனிக்காரன்

தங்கச்சி, உங்க அப்பா கதையப் படிக்கப் படிக்க எனக்கு என் கதையே திரும்ப ஓடுது. மனசுல பயம், படபடப்புன்னு என்னையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினாங்க, அதனால முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அவர் சொல்றதை நம்புங்க. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா சரியாகுதுன்னு ஒரு மனுசன் திரும்பத் திரும்பச் சொன்னா அதுக்கு உடம்புல ஒரு காரணம் இருக்கும்.

எனக்கு 2021 மே மாசம், ரெண்டாவது அலைல கொரோனா. அஞ்சு நாள் ஆக்ஸிஜன் வச்சாங்க, வெண்டிலேட்டர் எல்லாம் போகல. வீட்டுக்கு வந்து மூணு மாசமாகியும் மூச்சு வாங்குறது நிக்கல. நுரையீரல்ல தழும்பு இருக்கும்னு சிடி எடுத்தா நுரையீரல் கிட்டத்தட்ட சுத்தமா இருக்கு. அப்ப ஏன் மூச்சு வாங்குதுன்னு யாருக்கும் தெரியல.

எனக்கே தெரிஞ்சது எங்க தோட்டத்துத் தொட்டியிலதான். மோட்டார் போட்டு தண்ணி நெறஞ்சு கெடந்துச்சு, சின்ன வயசுலருந்து குதிச்சுக் குளிச்ச தொட்டி. படியில எறங்கி இடுப்பு வரைக்கும் தண்ணி வந்தப்ப ஒண்ணும் இல்ல, நெஞ்சு வரைக்கும் வந்துச்சு பாருங்க, மூச்சை உள்ள இழுக்கவே முடியல, வாயைத் தொறக்கிறேன் காத்து போகமாட்டேங்குது, கரையைப் புடிச்சு ஏறி சிமெண்டுத் தரைலயே உக்காந்துட்டேன். எம் மகன் பம்புசெட்டுலருந்து ஓடி வாரான். ஏறி உக்காந்த ஒரு நிமிசத்துல எல்லாம் சரியாப் போச்சு. அதை அப்படியே மதுரையில ஒரு நெஞ்சுநோய் டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் பேனாவைக் கீழ வச்சுட்டு, படுத்தா எப்படி இருக்குன்னு கேட்டார். அந்தக் கேள்வியை அதுக்கு முன்னாடி பாத்த நாலு பேருல ஒருத்தர்கூட கேக்கல தங்கச்சி.

பெறகு எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னாடி நிக்க வச்சு, படம் ஓடுற மாதிரி திரையில பாத்தாங்க. மூக்கை டக்குன்னு உறிஞ்சுங்கன்னார். வலது பக்க டயாஃப்ரம் சட்டுன்னு கீழ எறங்குது, இடது பக்கம் எறங்குறதுக்குப் பதிலா மேல ஏறுது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதைப் பாத்தப்ப பயம் வரல, அப்பாடா நான் பொய் சொல்லலன்னுதான் தோணுச்சு.

டயாஃப்ரமை அசைக்கிற ஃப்ரீனிக் நரம்பு இடது பக்கம் அடிபட்டிருக்கு, வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும்னார். நரம்பு திரும்ப வளரணும்னா ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், கழுத்துலருந்து நெஞ்சுக்குள்ள எறங்கி டயாஃப்ரம் வரைக்கும் வந்து சேரணும், அதனால மாசக்கணக்கு, ஏன் வருசக்கணக்குகூட ஆகும், அதுக்குள்ள அவசரப்படாதீங்கன்னார். எனக்கு எட்டாவது மாசம் வரைக்கும் ஒரு மாத்தமும் தெரியல, அதுக்கப்புறம் கொஞ்சங்கொஞ்சமா தெரிஞ்சுச்சு, 20 மாசத்துல மல்லாந்து படுத்தேன். முழுசா பழைய மாதிரி ஆச்சுன்னு சொல்லமாட்டேன், மாடிப்படி ரெண்டு மாடிக்கு மேல ஏறினா தெரியும், ஆனா தோட்ட வேலை பாக்குறேன்.

இப்போதைக்கு ஒண்ணு செய்யுங்க. ஈஸி சேர்லயே தூங்கினா இடுப்பும் கழுத்தும் போயிரும். கட்டில் தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில ரெண்டு ரெண்டு செங்கல் வைங்க, தலகாணியை மட்டும் அடுக்கினா வயிறு மடிஞ்சு இன்னும் முட்டும், கட்டிலே சாய்வா இருந்தா அந்தத் தொந்தரவு இல்ல. ராச்சாப்பாட்டை ஏழு மணிக்குள்ள கொஞ்சமா குடுங்க. டாய்லெட்டுக்கு மேல வைக்கிற பிளாஸ்டிக் சேர் கிடைக்குது, வாங்கி வச்சிருங்க, அவருக்குப் பாதிக் கஷ்டம் கொறையும்.

---

மூச்சுப்பயிற்சி_பிசியோ (சென்னை)

நான் நுரையீரல் வார்டுல வேலை செய்யற பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லங்கறதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா இந்த மாதிரி நோயாளிங்களை நேர்ல பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

நீங்க கேட்ட சம்பந்தம் இருக்கே, அது கண்டிப்பா யோசிக்க வேண்டிய விஷயம். டயாஃப்ரமுக்குப் போற ஃப்ரீனிக் நரம்பு நெஞ்சுலருந்து கிளம்பல, கழுத்துலருந்துதான் கிளம்புது, கழுத்தெலும்பு 3, 4, 5 பக்கத்து வேர்கள். தோள்பட்டைக்கும் கைக்கும் போற நரம்புக்கூட்டம் அதை ஒட்டியேதான் கிளம்புது. வைரஸ் காய்ச்சல் வந்து போன கொஞ்ச நாள்ல நம்ம எதிர்ப்புசக்தியே இந்த நரம்புக்கூட்டத்தைத் தாக்கற ஒரு நோய் இருக்கு, நியூரால்ஜிக் அமையோட்ரஃபின்னு பேரு. பார்சனேஜ், டர்னர்னு ரெண்டு டாக்டர்கள் 1948ல விவரமா எழுதினதால அவங்க பேர்லயும் சொல்லுவாங்க. அது வர்ற விதமே தனி: நடுராத்திரில திடீர்னு தாங்க முடியாத தோள்பட்டை வலி, சில நாள்லருந்து சில வாரம் வரைக்கும் இருக்கும், வலி அடங்கும்போது தசை பலவீனம் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலும் கைத்தசையோட நின்னுடும், கொஞ்சம் பேருக்கு மட்டும் ஃப்ரீனிக் நரம்பும் சேர்ந்து மாட்டிக்கும். உங்க அப்பா விஷயத்துல நீங்க எழுதின வரிசை அப்படியே பொருந்துது. தோள் இறுகறதுன்னா அது மெல்ல மெல்ல வரும், ஒரே ராத்திரில இப்படி வராது.

வீட்லயே ஒண்ணு பாருங்க. அப்பாவை சட்டையைக் கழட்டிட்டு சுவருக்கு முன்னாடி நிக்க வெச்சு, ரெண்டு உள்ளங்கையையும் சுவர்ல வெச்சுத் தள்ளச் சொல்லுங்க, நீங்க பின்னாடி நின்னு முதுகைப் பாருங்க. வலது பக்க தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கை மாதிரி வெளிய தூக்கிக்கிட்டு வந்தா அதை அப்படியே ஃபோன்ல வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. அதே மாதிரி அவர் சாஞ்சு படுத்திருக்கும்போது வயித்து மேல கை வெச்சுப் பாருங்க, மூச்சை உள்ள இழுக்கும்போது வயிறு மேல எழும்பணும். எழும்பாம உள்ள அமுங்கினா ரெண்டு பக்கமுமே பலவீனமா இருக்கலாம், அது இன்னும் அவசரம்.

ஆக்ஸிமீட்டர் 97 காட்டினதைப் பத்திச் சொல்லியே ஆகணும், ஏன்னா அந்த நம்பரை வெச்சு நிறைய பேரைத் திருப்பி அனுப்பிடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. ஆக்ஸிமீட்டர் ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறியிருக்குன்னு மட்டும்தான் சொல்லும், அந்த ஆக்ஸிஜனை உள்ள கொண்டுவர மத்த தசைங்க எவ்வளவு பாடுபடுதுன்னு சொல்லாது, கார்பன் டை ஆக்ஸைடு வெளிய போகாம தேங்குதான்னும் சொல்லாது. பகல்ல உக்காந்திருக்கும்போது கழுத்துத் தசையும் விலாத் தசையும் சேர்ந்து சமாளிச்சுடும். ராத்திரி கனவு வர்ற தூக்கத்துல அந்தத் தசைங்க எல்லாம் தளர்ந்துடும், அப்ப டயாஃப்ரம் ஒண்ணுதான் மூச்சு விடணும், அதுலயும் பாதி வேலை செய்யலன்னா அங்கதான் விழும். காலைல தலைவலி, பகல்ல தூங்கி வழியறது இதெல்லாம் அதோட அடையாளம். தூக்க மாத்திரை மூச்சோட வேகத்தை இன்னும் குறைக்கும், நீங்க நிறுத்தினது நல்லது, ஆனா அதைப் போட்டதும் தலைவலி வந்ததை அடுத்த டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னா, பிஎஃப்டின்னு ஊதற டெஸ்ட்டை உக்காந்து ஒரு தடவை, படுத்து ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்க. எல்லாருக்குமே படுத்தா கொஞ்சம் குறையும், 10 சதவீதத்துக்குள்ள. ஒரு பக்க டயாஃப்ரம் வேலை செய்யலன்னா 10லருந்து 30 வரைக்கும் குறையும், அதுக்கும் மேல விழுந்தா ரெண்டு பக்கத்தையும் சந்தேகப்படணும். அப்புறம் டயாஃப்ரமுக்கு அல்ட்ராசவுண்ட், வலி கிடையாது கதிரும் கிடையாது, தசை அசையுதா, மூச்சு இழுக்கும்போது தடிக்குதான்னு நேரா பார்த்துடலாம். கழுத்துலருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு சிடி அவசியம், ஏன்னா கட்டி, டிபி நெறிகட்டு ஏதாவது அந்த நரம்பை அமுக்கிக்கிட்டு இருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதை இல்லன்னு உறுதி பண்ணாம வைரஸ் மேல பழியைப் போட்டுட்டு இருக்கக் கூடாது. நரம்பு டாக்டரும் நெஞ்சுநோய் டாக்டரும் ரெண்டு பேருமே பார்க்கணும்.

கல்லீரல் பக்கம் மேலதான் இருக்கும்னு சொன்னது பாதி உண்மை. வலது பக்கம் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மேல இருக்கறது சகஜம்தான், ஆனா எவ்வளவுங்கறதுதான் கேள்வி. அப்பாவோட பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்ல இருக்கான்னு தேடுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா சந்தேகமே வராது.

ஆபரேஷனுக்கு இப்ப பயப்படாதீங்க. தளர்ந்து மேல ஏறின டயாஃப்ரமை மடிச்சுத் தைச்சு இறுக்கற ஆபரேஷன் இருக்கு, ஆனா நரம்பு தானா திரும்ப வாய்ப்பு இருக்கறதால பொதுவா ஒரு வருஷமாவது பொறுத்துப் பார்த்துட்டுத்தான் அதைப் பேசவே ஆரம்பிப்பாங்க.

---

செல்வி_கரூர்

எங்க பக்கத்துல ஒரு வைத்தியர் கழுத்து நரம்பை நீவி எடுப்பாரு, தோள்பட்டை புடிப்புக்கு நிறைய பேர் போறாங்க. ஒரு தடவை காட்டிப் பாருங்களேன் மா.

---

மூச்சுப்பயிற்சி_பிசியோ (சென்னை)

செல்வி அக்கா, நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா தயவுசெஞ்சு இது வேண்டாம். அந்த நரம்பு கழுத்துல தசைக்கு முன்பக்கமா மேலாகவே ஓடுது. முடிவெட்டற கடைல கழுத்தைத் திருப்பி சொடுக்கெடுத்து டயாஃப்ரம் நரம்பு அடிபட்ட கேஸ் டெல்லில 2017ல பேப்பர்லயே வந்துச்சு. ஏற்கனவே அடிபட்ட நரம்பு மேல யாரும் கை வைக்க வேண்டாம்.

---

காவிரிக்கரை (கும்பகோணம்)

மஞ்சக்காட்டுப்பொண்ணு, உங்க அப்பாவுக்கு இது இல்லன்னுதான் நினைக்கிறேன், ஆனா இந்தத் தலைப்பைப் பார்த்துட்டு நாளைக்கு வேற யாராவது வந்து படிப்பாங்க, அவங்களுக்காக எழுதணும்னு தோணுது. காய்ச்சலுக்கு அப்புறம் மூச்சுத்தசை போறதுல மெதுவா வர்றதும் இருக்கு, ரெண்டே நாள்ல ஆளைச் சாய்க்கிறதும் இருக்கு. என் தம்பிக்கு ரெண்டாவது வகை.

2019ல, அவனுக்கு அப்ப 27 வயசு. சளிக்காய்ச்சல் வந்து நல்லாயி ரெண்டு வாரம் இருக்கும், உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னான். மறுநாள் நடக்கும்போது செருப்பு கால்லருந்து கழண்டு கழண்டு போகுது, போட்டிருக்கமா இல்லையான்னே தெரியலன்னான். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், சத்துக்குறைவுன்னு பி12 ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் தரையிலருந்து எந்திரிக்க முடியல. அடுத்த நாள் காலைல காப்பி டம்ளரைத் தூக்குறான், கை நடுங்கி சட்டையெல்லாம் காப்பி. பேச்சு மூக்கால வர ஆரம்பிச்சுது. அள்ளிப் போட்டுக்கிட்டு தஞ்சாவூர் ஓடினோம்.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டர், அவரை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். வந்தவுடனே தம்பி முட்டியில சுத்தியலால தட்டிப் பார்த்தார், கால் ஆடவே இல்ல. அப்புறம் அவன்கிட்ட, மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு சத்தமா எண்ணுப்பான்னார். நல்லா இருக்கிற ஆளு நாப்பது அம்பது வரைக்கும் எண்ணிடலாமாம். அவன் பதினாறுல நின்னுட்டான். அரைமணி நேரம் கழிச்சு மறுபடி எண்ண வெச்சார், பதினொண்ணு. விரல்ல மாட்டுன மெஷின் அப்பவும் 98தான் காட்டுது! இதுக்காகக் காத்திருந்தா நேரம் போயிடும்னு சொல்லி அப்பவே ஐசியு. அன்னைக்கு ராத்திரியே வெண்டிலேட்டர் வைக்க வேண்டியதாப் போச்சு.

கியான் பாரே சிண்ட்ரோம்னாங்க. நம்ம எதிர்ப்புசக்தி கிருமியை அடிக்கிறதுக்குப் பதிலா நரம்போட உறையை அடிக்குதாம், கால்லருந்து மேல ஏறும், வந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குக் கிட்டத்தட்ட மூச்சுத்தசை வரைக்கும் போயிடுமாம். ஐவிஐஜின்னு ஒரு மருந்து அஞ்சு நாள் ஏத்தினாங்க, எடைக்குத் தகுந்த அளவு, விலை ரொம்ப அதிகம், அம்மா வளையலெல்லாம் போச்சு. 19 நாள் வெண்டிலேட்டர்ல இருந்தான். அந்தப் பத்தொம்பது நாளும் அவனுக்கு முழு நினைவு இருந்துச்சு, கண் இமையை மட்டும்தான் அசைப்பான், நான் அ ஆ இ ஈன்னு எழுத்தைச் சொல்லிக்கிட்டே வருவேன், அவனுக்கு வேண்டிய எழுத்து வந்தா இமைப்பான். அப்படி அவன் சொன்ன முதல் வார்த்தை "முதுகு". முதுகு அரிக்குது, சொறிஞ்சு விடச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் பாடுபட்டிருக்கான்.

இப்ப நடக்குறான், பைக் ஓட்டுறான், கால் விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்குன்னு சொல்வான்.

உங்க அப்பாவுக்கு கால்ல மதமதப்பு, ரெண்டு கால்லயும் பலம் குறையிறது, முழுங்க கஷ்டம், குரல் மாறுறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க மா. ராத்திரின்னாலும் 108க்கு ஃபோன் போட்டுடுங்க.

---

மஞ்சக்காட்டுப்பொண்ணு (ஈரோடு)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காவிரிக்கரை அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அன்னைக்கு ராத்திரியே அப்பாவை எண்ணச் சொன்னேன், முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணுனாரு. கால்ல மதமதப்பு எதுவும் இல்லீங்க. உங்க தம்பி நல்லா இருக்கட்டும்.

சுவரைத் தள்ளச் சொல்லிப் பாத்தேன்ங்க. பின்னாடி நின்னு பாத்த எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, வலது பக்க எலும்பு அப்படியே தூக்கிட்டு வெளிய வருது, சட்டை போட்டிருக்கறதுனால இத்தனை நாள் யாருமே கவனிக்கல. அம்மா அதைத் தொட்டுப் பாத்துட்டு இதென்ன இப்படி இருக்குதுன்னு கேக்குது, அப்பாவுக்கே தெரியலீங்க.

பழைய எக்ஸ்ரே கெடைச்சுதுங்க! மூணு வருசத்துக்கு முன்னாடி குடலிறக்க ஆபரேஷனுக்கு எடுத்தது, பீரோ மேல கல்யாணப் பத்திரிகைகளோட ஒரு கவர்ல கெடந்துச்சு. ரெண்டையும் ஜன்னல்ல வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தோம், எனக்கே தெரியுது, பழசுல வலது பக்கம் துளி மேல இருக்குது, புதுசுல எங்கயோ ஏறி உக்காந்திருக்குது.

---

மஞ்சக்காட்டுப்பொண்ணு (ஈரோடு)

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கங்க, அலைச்சல்தான்.

கோயமுத்தூர்ல நெஞ்சுநோய் டாக்டர், நரம்பு டாக்டர் ரெண்டு பேரையும் பாத்தோம். ரெண்டு எக்ஸ்ரேவையும் தோள்பட்டை வீடியோவையும் காமிச்சவுடனே நரம்பு டாக்டர் எங்கள உக்கார வெச்சு, காய்ச்சல்லருந்து மறுபடி ஒவ்வொண்ணா சொல்லுங்கன்னு பொறுமையா கேட்டாருங்க. பிசியோ மேடம் சொன்ன அதே பேருதான் சொன்னாரு.

ஊதற டெஸ்ட்ல உக்காந்து 2.54 லிட்டர், படுத்து 1.96, கிட்டத்தட்ட 23 சதவீதம் குறையுதுங்க. அல்ட்ராசவுண்ட்ல இடது பக்கம் நல்லா அசையுது, வலது பக்கம் அசைவே இல்ல, மூக்கை உறிஞ்சச் சொன்னா தேனி அண்ணன் சொன்ன மாதிரியே எதிர்ப்பக்கம் போகுது. கழுத்துல கரண்ட் குடுத்துப் பாத்த டெஸ்ட்லயும் வலது நரம்புல பதிலே இல்லன்னாங்க. சிடில கட்டி கிட்டி எதுவும் இல்லீங்க, அதைக் கேட்டதும் அம்மா அங்கயே கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. பகல்ல எடுத்த ரத்தவாயு டெஸ்ட் நார்மல்தான், ஆனா தூக்கத்துல வெச்சுப் பாத்ததுல ஆக்ஸிஜன் 83 வரைக்கும் எறங்குதுங்க. விடிகாலைலதான் ரொம்ப எறங்குது.

ஸ்டீராய்டு ஆரம்பத்துல வலி இருக்கறப்ப குடுத்திருந்தா வலிக்கு உதவியிருக்கும், இப்ப இத்தனை நாள் ஆனதுக்கப்புறம் சுகரைத்தான் ஏத்தும், வேண்டாம்னாரு. ராத்திரிக்கு பைபாப்னு, மாஸ்க் வழியா காத்தைத் தள்ளி உள்ள அனுப்பற மெஷின் எழுதிக் குடுத்திருக்காரு, மாச வாடகைக்கு எடுத்திருக்கோம். நாங்க வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வாங்கி வெக்கட்டுங்களான்னு கேட்டதுக்கு, அது மட்டும் தனியா வேண்டாம், காத்தைத் தள்ளி உள்ள அனுப்பறதுக்குத்தான் ஆள் இல்ல, ஆக்ஸிஜனை மட்டும் குடுத்தா நம்பர் நல்லாக் காமிக்கும், உள்ள கார்பன் டை ஆக்ஸைடு ஏறிட்டே போகும்னாரு. நரம்பு திரும்பறதுக்கு ஒண்ணு ரெண்டு வருசம்கூட ஆகலாம், மூணு மாசத்துக்கொருக்கா ஊதற டெஸ்ட்டும் அல்ட்ராசவுண்டும் எடுத்துப் பாப்போம்னு சொல்லியிருக்காரு.

முதல் ரெண்டு நாள் மாஸ்க்கைப் புடுங்கிப் போட்டுட்டாரு, காத்து மூஞ்சில அடிக்குதுன்னு. மூணாவது நாள் நாலரை மணி நேரம் தூங்குனாரு. செங்கல் வெச்ச கட்டில்லதாங்க, ஈஸி சேர்ல இல்ல. காலைல தலைவலி இல்லன்னு அவரா வந்து சொன்னாரு.

ஒரே ஒரு சந்தேகம். அப்பாவுக்குப் பெரிய மீசைங்க, மாஸ்க் ஓரத்துல காத்து கசிஞ்சு பீப் பீப்னு சத்தம் போட்டுட்டே இருக்குது. மீசையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரல, தாத்தா இறந்தப்ப எடுத்தது, அதுக்கப்புறம் கத்தி வெச்சதே இல்ல. வேற வழி இருக்குதுங்களா? அப்புறம் மூணு பந்து மேல தூக்கற அந்த டப்பா வாங்கி ஊதச் சொல்லலாமா?

---

மூச்சுப்பயிற்சி_பிசியோ (சென்னை)

ரொம்ப சந்தோஷம், சரியான கைல போய்ச் சேர்ந்திருக்கீங்க.

மூணு பந்து டப்பா ஊதறதுக்கு இல்ல, உள்ள இழுக்கறதுக்கு, நிறைய பேர் இதைத் தப்பா பண்றாங்க. அது நுரையீரலை விரிக்க நல்லது, தசைக்குப் பலம் ஏத்த அது போதாது. அதுக்குன்னு எதிர்ப்பு வெச்சு மூச்சை இழுக்கற சின்ன கருவி இருக்கு, அவரோட முழு பலத்துல 30 சதவீதம் கிட்ட வெச்சு ஆரம்பிப்போம், ஆனா நரம்பு உயிர் இல்லாத தசையைப் பயிற்சியால எழுப்ப முடியாது, நல்லா இருக்கற இடது பக்கத்தையும் விலாத் தசையையும்தான் பலப்படுத்தறோம். அதனால களைச்சுப் போற அளவுக்குப் பண்ணவே கூடாது, மறுநாள் காலைல அசதியா இருந்தா முந்தின நாள் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு அங்க இருக்கற பிசியோகிட்ட நேர்ல கத்துக்கங்க. தோள்பட்டைக்கும் தனியா பயிற்சி கேளுங்க, அந்த எலும்பு தூக்கிக்கிட்டு இருக்கும்போது கனமான மூட்டை, குடம் எதையும் வலது கையால தூக்க விடாதீங்க.

---

தேனிக்காரன்

தங்கச்சி, மீசை எனக்கும் இருக்கு, எடுக்கல. இப்ப உங்ககிட்ட இருக்கிறது மூக்கு வாய் ரெண்டையும் மூடுற பெரிய மாஸ்க்கா இருக்கும். வாடகைக்குக் குடுத்தவங்ககிட்டயே மூக்கை மட்டும் மூடுற சின்ன மாஸ்க், இல்ல மூக்குத் துவாரத்துல வைக்கிற மெத்து மாதிரி ஒண்ணு இருக்கு, ரெண்டையும் கொண்டாரச் சொல்லி உக்காந்து மாட்டிப் பாருங்க. தூக்கத்துல வாய் தொறந்துச்சுன்னா தாடைக்கு ஒரு பட்டை குடுப்பாங்க. வார் ரொம்ப இறுக்கக் கூடாது, இறுக்க இறுக்கத்தான் கசியும், மூக்குத்தண்டு மேல புண்ணாயிரும். படுத்த பெறகு மாட்டாம, சாஞ்சு உக்காந்து மாட்டி மெஷினை ஓடவிட்டு, ஒரு விரல் நுழையற அளவுக்கு வாரைச் சரிபண்ணிட்டுப் படுக்கச் சொல்லுங்க.

பகல்ல டிவி பாக்கும்போது அரைமணி நேரம் மாட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுங்க, நான் அப்படித்தான் பழகினேன். ரெண்டாவது வாரத்துல அவரே எடுத்து மாட்டிக்குவாரு. மூணு மாச டெஸ்ட் முடிஞ்சதும் படுத்து ஊதுன நம்பரை இங்க எழுதுங்க, பாத்துட்டே இருப்பேன்.